விதியா? பேயா? நாமா?

பழனி மலைத் தொடரின் முடியிலே, பனி தவழும் கோடைக்கானலிலே, வைகை அணைப் பக்கம் நோக்கி நிற்கும் எழில்மிகு இடமொன்று உண்டு. பசுமைப் பள்ளத்தாக்குக் காட்சிமுனை என்பது இன்றைய பெயர். எனினும், 'தற்கொலை முனை' என்னும் பழைய பெயரைச் சொல்லியே இன்னும் அதைக் காட்டுவோர் உண்டு. கதை கேட்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், கடலை கொறிக்கிறார்கள். மாந்தரின் துயரம் வேடிக்கைப் பொருளா? கேட்கிறோம்!

பெயர்தானே என்பீர். சாவைச் சுற்றிக் காவியம் புனைந்தால், துவண்ட உள்ளத்திற்கு அது அழைப்பாகிவிடுமே!

விதி என்கிறார் வைதிகர். பேய் இழுத்தது என்கிறார் பேதையர். கோழை என்கிறார் வீரம் பேசுவோர். மூவரும் செய்வது ஒன்றே: தம் பொறுப்பைத் தட்டிக் கழிப்பது! தற்கொலைக்கும் சமுதாயப் பிணைப்புக்கும் உள்ள தொடர்பை 1897-இலேயே ஆராய்ந்து எழுதினார் பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம். சாதி கடந்து காதலித்தவளை அறையில் அடைத்தது விதியா? மதிப்பெண் குறைந்த மாணவனை ஊரார்முன் பழித்தது பேயா? ஆசிரியர்களாகிய நாமும் இக்குற்றத்திலே பங்காளிகள்தாம். மனச்சோர்வு என்னும் நோயும் உண்டு. அது பழியன்று, மருத்துவத்தால் தணிவது.

சட்டம்கூடத் திருந்திற்று. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, அவரைப் பேணும் கடமையை அரசின்மேல் வைத்தது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். நம் நாக்கு மட்டும் திருந்தவில்லை!

தோழர்களே! "நான் எல்லார்க்கும் சுமை" என்கிறானா நண்பன்? உறக்கம் கெட்டு ஒதுங்குகிறானா? உயிரெனப் போற்றிய பொருள்களை வழங்கி விடைபெறுகிறானா? அவை நடிப்பல்ல, அறிகுறிகள். "சாக எண்ணுகிறாயா?" என்று அன்போடு நேரே கேளுங்கள், கேட்பதால் அவ்வெண்ணம் முளைப்பதில்லை. அறிவுரை பொழியாதீர்; செவி கொடுங்கள். தனியே விடாதீர். தீங்கு தரும் பொருள்களை அகற்றுங்கள். அரசு மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணிலும், தமிழக அரசின் 104 எண்ணிலும் இரவு பகலாக உதவி உண்டு. 1986 முதல் சென்னையிலே சிநேகா அமைப்பும் இப்பணி புரிகிறது.

அடுத்த முறை மலையேறும்போது அந்தப் பழைய பெயரை எவரேனும் சொன்னால், மறுத்துப் புதிய பெயரைச் சொல்லுங்கள். மலையிறங்கி வந்ததும், மௌனமாகிவிட்ட நண்பன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பகுத்தறிவு என்பது கடவுளை மறுப்பதோடு முடிவதன்று. பக்கத்தில் இருப்பவனைக் காப்பதும் அதுவே!