பழைய டீசல் வேகனை ஏசுறதுக்கு முதல்

"உந்தப் பழைய டீசல் வண்டியள் எல்லாத்தையும் றோட்டில இருந்து எடுக்கோணும்."

சூழல் பற்றி எங்கட வயசுக்காரர் கூடிக் கதைக்கிற இடமெல்லாம் இந்த வசனம் எப்பிடியோ வந்துவிடுது. கருத்தரங்கில வருது, கன்ரீன் மேசையில வருது, முகநூலில புகை விடுற வண்டியின்ர படத்தோட வருது. சொல்லுறவை கெட்டவை இல்லை. அவையின்ர அக்கறையும் பொய்யில்லை. ஆனால் வசனம் பிழை. அது பார்க்க சூழல் அரசியல் மாதிரி இருக்கு; உள்ளுக்க கிண்டிப் பாத்தால், வசதி இருக்கிறவன் வசதி இல்லாதவனுக்குச் சொல்லுற புத்திமதி.

முதலிலயே ஒண்டைத் தெளிவாச் சொல்லிவிடுறன். டீசல் புகை நஞ்சு. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் டீசல் இயந்திரப் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் தொகுதிக்குள் சேர்த்தது. புகையிலையும் அஸ்பெஸ்டசும் இருக்கிற அதே தொகுதி. பள்ளிக்கூடம் விடுற நேரம் ஒரு வண்டி கறுப்பாய் ஊதிக்கொண்டு போனால், அதைச் சுவாசிக்கிறது சைக்கிளில போற பிள்ளை. கண்ணாடி ஏத்திவிட்டு ஏசியில போறவர் இல்லை. இதை மறுக்கிற ஆக்களோட எனக்குக் கதை இல்லை.

என்ர கேள்வி வேற. புகைக்குக் காரணம் வண்டியின்ர வயசா, பராமரிக்காமல் விட்டதா? வயசுதான் எண்டு தீர்ப்பு எழுதினால் தண்டனை ஆருக்குப் போகும்?

எந்த வண்டியைப் பற்றிக் கதைக்கிறம்?

பொதுவா "பழைய டீசல்" எண்டு சொல்லேக்க எங்கட கண்ணுக்கு முன்னால வாறது 90களின் யப்பான் வேகன்கள்தான். நிசான் ஏடி, ரொயோட்டா கல்டினா, கொரோலா சீஈ 106. எங்கட வீட்டில நிக்கிறது இந்தக் கடைசி ஆள். 2சீ எண்டு சொல்லுற எஞ்சின்: 1974 சீசீ, நாலு சிலிண்டர், ரேர்போ இல்லை, கொம்பியூட்டரும் இல்லை. டீசலை அளந்து, அமுக்கி, நேரம் பாத்து அனுப்புறது முழுக்க முழுக்க இரும்பில செய்த ஒரு பம்ப். ஏத்தத்தில இழுக்காது. சத்தம் கூட. மழைக்கால விடியலில ஹீற்றர் பிளக் சூடாகிற வரைக்கும் பொறுத்துத்தான் சாவியைத் திருப்போணும்.

இந்த வண்டியளை சனம் வைச்சிருக்கிறதுக்கு ஒரு நேரான காரணம் இருக்கு: பின் சீற்றை மடிச்சால் அது லொறி, நிமித்தினால் அது கார். விடியக்காலமை அதில வெங்காயமும் கத்தரிக்காயும் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகும். பத்து மணிக்கு அதே வண்டி ஒரு அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகும். பின்னேரம் கலியாண வீட்டுக்குக் கதிரை ஏத்தும். செத்த வீட்டுக்குப் பந்தல் சாமானும் ஏத்தும். கம்பஸ் தொடங்கேக்க விடுதிக்கு மெத்தையும் சூட்கேசும் கொண்டுவந்து இறக்கினதும் இதுகள்தான். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ, உங்களில எத்தின பேர் அப்பிடி வந்து இறங்கினனீங்கள்?

வன்னியில உள்ளுக்க இருக்கிற கிராமங்களுக்குப் பின்னேரக் கடைசி பஸ் போனாப் பிறகு வேற வழி இல்லை. இரவில ஆருக்கும் நெஞ்சுநோ வந்தால், ஊரில வேகன் வைச்சிருக்கிற வீட்டுக் கதவைத்தான் தட்டுவினம். அந்த வண்டியின்ர வயசை அந்த நேரம் ஒருத்தரும் கேட்கிறதில்லை.

புகைக்கு நிறம் இருக்கு

வண்டியைத் திட்டுறவை பெரும்பாலும் புகையை ஒரே சாமானாத்தான் பாக்கினம். புகை எண்டது வண்டி சொல்லுற நோய்க்குறி. நிறத்தைப் பாத்தால் நோய் தெரியும்.

கறுப்புப் புகை எண்டால் டீசல் சரியா எரியேல்லை. எயார் ஃபில்ரர் அடைச்சிருக்கும், அல்லது இன்ஜெக்ரர் நொசில் தேஞ்சிருக்கும், அல்லது பம்ப் தேவைக்கு மேலால டீசல் ஊத்துது, அல்லது கூடின பாரம். நல்ல நொசில் டீசலைப் பனிமாதிரித் தூவும். தேஞ்ச நொசில் மூத்திரம் பெய்யிற மாதிரி ஒழுக்கும். மன்னிக்கோணும், கராஜில அப்பிடித்தான் சொல்லுறவை, அதைவிடத் தெளிவா நானும் கேட்டதில்லை. நீலப் புகை எண்டால் எஞ்சின் ஒயில் எரியுது: ரிங் அல்லது வால்வ் சீல் போட்டுது. வெள்ளைப் புகை எண்டால் குளிரில எரியாத டீசல். எஞ்சின் சூடானாப் பிறகும் நிக்காட்டி கூலன்ற் உள்ளுக்க போகுது எண்டு பயப்பிடோணும். 2சீ எஞ்சினுக்கு அலுமினிய ஹெட். ஒருக்காத் தண்ணி வத்திக் கொதிச்சால் வெடிக்கிற சாதி.

இந்த நோய்களில ஒண்டாவது வண்டி செய்த வருசத்தால மட்டும் வாறதில்லை. பத்து வருசம் ஓடின வண்டியும் நொசில் பாக்காமல் விட்டால் ஊதும். முப்பது வருசம் ஓடின வண்டியும் பம்ப் றூமில நொசிலைக் கழட்டி அமுக்கம் பாத்து, பம்பின்ர ரைமிங் சரி செய்தால் கண்ணுக்குப் புகை தெரியாமல் ஓடும். ரேர்போவும் புகை வடிகட்டியும் உள்ள புது வண்டியளவு சுத்தமா ஓடாது எண்டது உண்மை. ஆனால் றோட்டில நாங்கள் திட்டுற அந்தக் கறுப்பு முகில் வயசின்ர விளைவில்லை. ஆரோ செய்யாமல் விட்ட வேலை.

வருசத்தில ஒரு நாள் நல்ல பிள்ளை

அந்த வேலையைச் செய்விக்கத்தானே 2008 இல் இருந்து புகைப் பரிசோதனை இருக்கு? இருக்கு. சேர்ட்டிபிக்கற் இல்லாட்டி வாகன லைசன்ஸ் புதுப்பிக்க ஏலாது. டீசல் வண்டிக்கு அக்சிலேற்றரை அடிவரைக்கும் மிதிச்சு, வாற புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்குது எண்டு அளக்கினம். நல்ல முறை.

ஆனால் கராஜ் பக்கம் போறவைக்குத் தெரிஞ்ச ஒரு வித்தை இருக்கு. பரிசோதனைக்கு முதல் நாள் பம்பில இருக்கிற டீசல் ஸ்குறூவைக் கொஞ்சம் குறைச்சு விடுறது. வண்டி இழுக்காது, புகையும் வராது. பாஸ். அடுத்த நாள் ஸ்குறூ பழைய இடத்துக்குப் போகும். நோய் அப்பிடியே இருக்கும். மிச்சம் 364 நாளும் ஊர் அதைச் சுவாசிக்கும்.

இந்த வித்தையைச் செய்யிறது பழைய வேகன்காரர் மட்டும் எண்டு நினைக்காதேங்கோ. சனத்தை அடைஞ்சுகொண்டு ஓடுற பஸ்ஸுகளின்ர பின்பக்கத்தைப் போய்ப் பாருங்கோ. அதுக்காக பஸ்ஸை நிப்பாட்டச் சொல்லுவமா? நொசிலைப் பார் எண்டுதானே சொல்லுவம். வேகனுக்கும் அதே நியாயம்தான்.

டெல்லியைக் காட்டாதேங்கோ

"டெல்லியில 10 வருசத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டியளுக்குத் தடை, இங்க ஏன் ஏலாது?" எண்டு கேட்கினம். சரி, டெல்லியில என்ன நடந்தது? 2015 இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்தத் தடையைப் போட்டது. 2018 இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தினது. 2025 ஜூலை 1 இல் அப்பிடியான வண்டியளுக்கு எண்ணெய் அடிக்கக்கூடாது எண்டு செற்றுகளுக்குக் கட்டளை வந்தது. சனம் கொதிச்சதில சில நாளிலயே அதை நிப்பாட்டி வைச்சினம். அங்க மெட்ரோ ரயில் ஓடுது. இருந்தும் அந்த நிலை. எங்கட கிராமத்தில மெட்ரோவை விடுங்கோ, ஏழு மணிக்குப் பிறகு பஸ் ஒண்டைக் காட்டுங்கோ பாப்பம்.

எங்கட நாட்டுக் கணக்கையும் பாருங்கோ. 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிண்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 இல். இடையில கிட்டத்தட்ட அஞ்சு வருசம் இந்த நாட்டைச் சுமந்தது இருந்த வண்டியள்தான். பழையதைத் திருத்தித் திருத்தி ஓட்டின மனுசர்தான். கதவு திறந்தாப் பிறகும் பல வண்டிகளுக்கு வரி உண்மை விலைக்கு மேலால நிக்குது. தோட்டக்காரன் ஒருத்தனிட்ட வேகனைப் பறிச்சால் அவன் ஹைபிரிட் வாங்கப் போறதில்லை. லீசிங்கில விழுவான், இல்லாட்டி சந்தைக்குப் போற லொறிக்காரன் சொல்லுற விலைக்குத் தலையாட்டுவான்.

எண்ணெய் விலையாலயும் அடி விழுந்தது இவையளுக்குத்தான். 2021 டிசம்பரில 121 ரூபாவுக்கு நிண்ட ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 2022 ஜூன் கடைசியில 460 ரூபா. அந்த வருசக் கடைசியில டீசல் பெற்றோலை விட விலை கூட. "டீசல் மலிவு" எண்டு நம்பி வண்டி எடுத்த குடும்பங்கள் கியூவில படுத்துக் கிடந்து, கியூஆர் காட்டி, கிழமைக்கு 20 லீற்றரோட தொழில் செய்தவை. அப்ப ஒருத்தரும் இவையளுக்காகக் கருத்தரங்கு வைக்கேல்லை.

எங்கட பக்கத்துக்கும் ஒரு சொல்

இவ்வளவும் சொன்னதால பழைய வண்டி வைச்சிருக்கிற எல்லாரையும் நான் தூக்கிப் பிடிக்கிறன் எண்டு நினைக்கக்கூடாது. "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" எண்டு சொல்லுற ஒரு கூட்டம் இருக்கு. அலோய் வீல் போடக் காசு இருக்கும், பாட்டுப்பெட்டிக்குக் காசு இருக்கும், நொசில் பாக்க மட்டும் காசு இருக்காது. ஏழ்மையை மற்றவையின்ர நுரையீரலில எழுதிவைக்க ஒருத்தருக்கும் உரிமை இல்லை. 5000 கிலோமீற்றருக்கு ஒருக்கா எஞ்சின் ஒயில், டீசல் ஃபில்ரரில நிக்கிற தண்ணியைத் திறந்து விடுறது, எயார் ஃபில்ரர், றேடியேற்றர் தண்ணி, ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு முதல் ரைமிங் பெல்ற் (அது அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் முட்டி எஞ்சினே போகும்), புகை மாறினால் உடன பம்ப் றூம். இது ஒண்டும் பணக்காரரின்ர பட்டியல் இல்லை. கறுப்பாய் வெளிய போறது எரியாத டீசல், அதாவது செற்றில குடுத்த காசு. நொசிலுக்குக் குடுக்கிற காசு எண்ணெயில கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வரும்.

இன்னொரு கூட்டமும் இருக்கு: அது நாங்கள்தான், கலைப்பீடக்காரர். 90களின் பொருளாதாரத் தடைக்குள்ள பெற்றோல் இல்லாமல் ஒஸ்ரினையும் மொறிஸையும் மண்ணெண்ணெயில ஓட்டின கதையை நாங்கள் எவ்வளவு ஆசையா எழுதுறம்! "மீண்டெழும் தன்மை" எண்டு தலைப்புப் போட்டு ஆய்வும் செய்யிறம். ஆனால் அந்த அறிவைக் கையில வைச்சிருக்கிற மெக்கானிக்கை கிறீஸ் பூசின ஆளாத்தான் பாக்கிறம். அவரிட்டப் போய் வேலை பழகிற பெடியனைப் "படிப்பு ஏறாதவன்" எண்டு சொல்லுறம். பழசைப் படம் எடுக்கப் பிடிக்குது, அதைத் திருத்துற கையைப் பிடிக்கேல்லை.

அந்தக் கராஜ் உலகமும் சொர்க்கம் இல்லை. எங்கட வேகனை வேலைக்குக் கொண்டுபோறது நான். ஒரு இடத்தில ஹீற்றர் பிளக் ஒண்டு வேலை செய்யேல்லை எண்டு நான் சொல்ல, "தங்கச்சி, வீட்டில ஆம்பிளையள் ஆரும் இல்லையோ?" எண்டு கேட்டினம். கூட வந்த தம்பிக்கு அப்ப ஓஎல் கூட முடியேல்லை. என்ன பிழை எண்டு விளங்கப்படுத்தினது அவனுக்கு. காசு வாங்கினது என்னட்ட. இந்த அறிவு ஆம்பிளையளுக்கு மட்டும் எழுதிவைச்ச சொத்தா இருக்கிற வரைக்கும் பாதிச் சனம் தங்கட வண்டியைப் பற்றி ஒண்டும் கேட்கத் தெரியாமல்தான் இருக்கும்.

அப்ப என்ன கேட்கிறம்?

வயசைப் பாத்துத் தடை வேண்டாம். புகையைப் பாத்து நடவடிக்கை எடுங்கோ. றோட்டில எதிர்பாராத நேரம் மறிச்சு அளவுங்கோ. அது வேகனுக்கும் பஸ்ஸுக்கும் அரசாங்க வண்டிக்கும் ஒண்டா இருக்கட்டும். பிழைச்ச வண்டிக்குத் தண்டத்துக்கு முதல் திருத்தத் தவணை குடுங்கோ. தொழில்நுட்பக் கல்லூரிகளில இன்ஜெக்ரர் பரிசோதனையைக் குறைஞ்ச காசுக்குச் செய்து குடுங்கோ. பிள்ளையளும் வேலை பழகுவினம், பெட்டையளும் சேந்து. கந்தகம் குறைஞ்ச சுப்பர் டீசல் வசதியானவைக்கு மட்டும் எண்ட நிலையை மாத்துங்கோ. இரவு பஸ்ஸைத் தாங்கோ. இவ்வளவும் செய்தாப் பிறகு, இனி இந்த வண்டி வேண்டாம் எண்டு சனமே முடிவெடுக்கும். அப்ப எங்கட வேகனை விக்கிறதுக்கு நானும் அழமாட்டன்.

அதுவரைக்கும் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்தமுறை கறுப்பாய் ஊதுற வண்டி ஒண்டைக் கண்டால், அது எந்த வருசத்து மொடல் எண்டு கேட்காதேங்கோ. கடைசியா நொசில் பாத்தது எப்ப எண்டு கேளுங்கோ. பஸ்காரனிட்டயும் கேளுங்கோ.