டிக்கிக்கு இரண்டு, பானட்டுக்கு ஒரு கம்பி!

கந்தசஷ்டிக்குத் திருச்செந்தூர் வந்து நிற்கும் கார்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பல கார்களில் டிக்கியை லேசாகத் தூக்கினால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் கேஸ் ஸ்ட்ரட் இருக்கிறது. அதே காரின் பானட்டைத் திறந்தால்? ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கம்பியை எடுத்துத் துளையில் செருக வேண்டும். ஏன் இந்தப் பாரபட்சம்?

டிக்கியைத் திறப்பவர் காசு கொடுத்து வாங்கியவர். பானட்டைத் திறப்பவர் பெரும்பாலும் மெக்கானிக் அல்லது வாடகைக் கார் டிரைவர். ஷோரூமில் கார் பார்க்கும்போது அவர்கள் அங்கே இருப்பதில்லை! கம்பி வைப்பதில் மிச்சம் ஒருவருக்கு, ஆபத்து வேறொருவருக்கு. வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புரியாத கணக்கா என்ன?

ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நெல்லைச் சீமைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மியே பறக்கும்போது பானட் எம்மாத்திரம்? எதிர்க்காற்று தூக்க, கம்பி நுனி துளையை விட்டு நழுவினால், அடுத்த நொடி அது குனிந்திருப்பவர் தலையில்தான் விழும். ஸ்ட்ரட் இரண்டு முனையிலும் பூட்டப்பட்டிருப்பதால் அப்படி நழுவாது. ஆகவே பானட்டுக்கு ஸ்ட்ரட் மாட்டுவதைப் 'பந்தா' என்று கேலி செய்வது தவறு.

ஆனால் கண்டதை மாட்டக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் வாயுவும், கொஞ்சம் எண்ணெயும் இருக்கும். அதன் தள்ளு விசையை நியூட்டனில் சொல்வார்கள். பானட் 15 கிலோ, அதன் எடை மையம் கீலிலிருந்து 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரட் தள்ளும் கோடு கீலிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருந்தால், மொத்தம் சுமார் 370 நியூட்டன் வேண்டும். இரண்டு என்றால் ஆளுக்கு 185. இதைவிட மிக அதிகமானால் மூடும்போது தகடு வளையும். ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் பானட் முறுக்கிக்கொள்ளும். பாடியில் புதிதாகத் துளை போட்டால் அங்கே துரு பிடிக்கும். ஏற்கெனவே உள்ள போல்ட்டிலேயே பொருந்தும் செட்டாகப் பார்த்து வாங்குவது நல்லது.

இன்னொரு விஷயம், உப்புக் காற்று. ஆறுமுகநேரி உப்பளம் பக்கத்தில் இருக்கும் ஊரில் இரும்பு என்ன பாடுபடும் என்பது தெரியும். ஸ்ட்ரட்டின் பளபளப்பான தண்டில் துருப்புள்ளி விழுந்தால் சீல் கிழியும், வாயு மெல்லக் கசியும். ஒருநாள் பானட் தானாக இறங்கும். எனவே ஸ்ட்ரட் மாட்டியதும் பழைய கம்பியைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஸ்ட்ரட் தளர்வது தெரிந்தால் அன்றே கம்பியைச் செருகிவிட்டு, இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

சீட் கவருக்கும் ஸ்பீக்கருக்கும் யோசிக்காமல் செலவு செய்கிறோம். அதெல்லாம் நம் சுகத்துக்கு. நம் வண்டிக்குள் தலையை விட்டு வேலை பார்க்கிறவருக்காக ஒருமுறை செலவு செய்தால் என்ன குறைந்துவிடும்?