லைட்டைக் கழற்றாதேங்கோ, வயரைப் பாருங்கோ

2025 ஜனவரி 1ஆம் திகதி 'கிளீன் ஸ்ரீலங்கா' தொடங்கியது. அந்த மாதமே பொலிஸ் ரோட்டில் இறங்கியது. பஸ்ஸிலும் ஓட்டோவிலும் மேலதிகமாகப் பூட்டியிருந்த சாமான்களைக் கழற்றச் சொன்னார்கள். கலர் லைட், பெரிய ஹோர்ன், அலங்காரச் சாமான் எல்லாம் ஒரே பட்டியல். பஸ் சங்கங்களும் ஓட்டோ சங்கங்களும் எதிர்த்த பிறகு கொஞ்சம் அவகாசம் குடுத்தார்கள். அதோடு அந்தக் கதை செய்தியில் முடிஞ்சுது. எங்கட ரோட்டில் முடியவில்லை. மன்னாரில் ஒரு பெடியன் காருக்குள்ள எல்.ஈ.டி ஸ்ட்ரிப் ஒட்டினால் இன்றைக்கும் இரண்டு பேச்சுத்தான் வரும். ஒன்று, "பொலிஸ் பிடிக்கும்." மற்றது, "காவாலி வேலை."

நாங்கள் இந்தக் கட்டுரையில் இரண்டு பக்கத்தோடும் சண்டை பிடிக்கப் போகிறோம். லைட்டைக் கண்டாலே அழுக்கு என்று நினைக்கிற ஆக்களோடு முதலில். பியூஸ் இல்லாமல் வயரை முறுக்கி டேப் சுத்திவிட்டு "செட் ஆயிற்று மச்சான்" என்று சொல்கிற எங்கட ஆக்களோடு பிறகு.

முதல் சண்டை. காருக்குள் கலர் வெளிச்சம் அழகில்லை, ஒழுங்கில்லை என்று யார் முடிவெடுத்தது? மெர்சிடிஸ் பென்ஸ் இ-கிளாஸ் காரில் உள்வெளிச்சத்துக்கு 64 நிறம் குடுத்து விற்கிறார்கள். டாஷ்போர்ட் நீளத்துக்கு, கதவு ஓரத்துக்கு, கால் வைக்கிற இடத்துக்கு என்று ஓடும் வெளிச்சம். அதுக்குப் பேர் சொகுசு. அதே வெளிச்சத்தை ஒரு பழைய மாருதிக்குள், ஒரு பஜாஜ் ஓட்டோவுக்குள் கடையில் வாங்கின ரோலை வெட்டி ஒட்டினால் அதுக்குப் பேர் 'மேலதிகச் சாமான்'. தொழிற்சாலை ஒட்டினால் வசதி, நாங்கள் ஒட்டினால் வக்கிரம். இதில் பாதுகாப்பு எங்க இருக்குது? இருக்கிறது காசுக்கணக்கு மட்டும்தான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிற்பாட்டினார்கள். தனியார் வாகனத்துக்கு அது திறந்தது 2025 பெப்ரவரியில். கிட்டத்தட்ட ஐந்து வருசம் புது வாகனம் இல்லை, பழைய வாகனத்தின் விலை வானத்தில். பேசாலையில் ஓடுகிற வானும் எருக்கலம்பிட்டியில் ஓடுகிற ஓட்டோவும் எத்தனை கை மாறி வந்தவை என்று எல்லாருக்கும் தெரியும். ஓட்டோ ஓட்டுகிற அண்ணைக்கு அதுதான் அலுவலகம். நாளில் பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் அதுக்குள்ளதான் இருக்கிறார். சீற் கிழிஞ்ச, பெயின்ற் போன அந்த வண்டிக்கு அவரால் செய்யக்கூடிய ஒரே புதுசு ஒரு முழ லைட் என்றால், அதை அழுக்கு என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

அதோடு, 12 வோல்ட் எங்களுக்குப் புதுசும் இல்லை. போர்க்காலத்தில் வன்னிக்குப் பற்றறியே தடை செய்த சாமான். சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட ஆக்களின் பிள்ளைகள் நாங்கள். 2022இல் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினபோது இதே ஸ்ட்ரிப்பைப் பழைய பற்றறியில் கொழுவி வீட்டில் படிச்ச பிள்ளைகளும் இருக்கினம். ஒரு வயரைப் பிடிச்சு வெளிச்சம் எடுக்கிறது இங்க விளையாட்டாகத் தொடங்கின விசயம் இல்லை.

இனி இரண்டாவது சண்டை. இது எங்களுக்குள்ள.

யூரியூப்பில் "பத்து நிமிசத்தில் கார் லைட்" என்று வீடியோ கிடக்குது. அதில் பெரும்பாலும் காட்டாத சாமான் பியூஸ். கணக்கைப் பாருங்கோ. சந்தையில் அதிகம் கிடைக்கிற 5050 வகை ஸ்ட்ரிப்பில் மீற்றருக்கு 60 எல்.ஈ.டி இருந்தால் மீற்றருக்குச் சுமார் 14.4 வாட் இழுக்கும். ஐந்து மீற்றர் ரோலை முழுசாகக் கொழுவினால் 72 வாட். 12 வோல்ட்டில் அது 6 அம்பியர். என்ஜின் ஓடும்போது வோல்ட் 14க்கு ஏறும், இழுவையும் கூடும். இதை ரோலோடு வருகிற மெல்லிய வயரில் ஓட்டுகிறது முதல் பிழை.

இரண்டாவது பிழைதான் உயிரெடுக்கும். காரின் இரும்புப் பொடி முழுக்க நெகட்டிவ். முறுக்கின பொசிட்டிவ் வயர் ஒரு இடத்தில் தோல் உரிஞ்சு அந்த இரும்பில் முட்டினால் ஷோர்ட். கார் பற்றறி ஸ்டார்ட்டர் மோட்டரைச் சுத்துகிற அளவுக்கு, நூற்றுக்கணக்கான அம்பியரை ஒரே மூச்சில் தள்ளக்கூடியது. நடுவில் பியூஸ் இல்லாவிட்டால் அந்த வயரே ஹீற்றர் கம்பி ஆகும், அதுவும் சீற்றுக்குக் கீழ, கார்ப்பெற்றுக்கு நடுவில. மன்னார் வெயிலில் மூடிக் கிடக்கிற காருக்குள் டேப்பின் பசை எத்தனை நாள் பிடிக்கும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. கடல் உப்புக் காற்றில் முறுக்கின செம்பு பச்சை பிடிக்கும், பிடிச்ச இடம் சூடாகும்.

அதனால் முதல் தரம் செய்கிறவர்களுக்கு எங்கட கட்டளை இதுதான். ரோல் முழுக்க வேண்டாம். காருக்குள் ஒன்று, ஒன்றரை மீற்றர் தாராளம், 12 வோல்ட்டில் இழுவை இரண்டு அம்பியருக்குள் நிற்கும். கத்தரிக்கோல் அடையாளம் போட்ட இடத்தில் மட்டும் வெட்டுங்கோ. பவரை நேரே பற்றறியில் எடுக்காமல் பியூஸ் பெட்டியில், சாவி திருப்பினால் மட்டும் உயிர் வருகிற லைனில் எடுங்கோ. பியூஸோடு சேர்த்துச் செருகுகிற சின்ன இணைப்பி கடையில் இருக்குது, அதில் 3 அம்பியர் பியூஸ் போதும். நேரே பற்றறியில் கொழுவி அணைக்க மறந்தால் 2 அம்பியர் 12 மணித்தியாலத்தில் 24 அம்பியர்-மணி. சின்னக் காரின் பற்றறி மொத்தமே 35 அளவில்தான். விடிய எழும்பித் தள்ள ஆள் தேட வேண்டி வரும். பொருத்துகளை ஈயம் வைச்சு ஒட்டி, சுருங்குகிற குழாய் போட்டு மூடுங்கோ. ஒட்டமுதல் அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடையுங்கோ. எயார்பேக் மூடிக்கு மேலால் வயர் ஓடக் கூடாது. பிரேக் பெடலுக்குக் கிட்டத் தொங்கவே கூடாது.

நிறமும் சும்மா விசயம் இல்லை. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக 20, 30 நிமிசம் எடுக்கும். நீலமும் பளிச் வெள்ளையும் அந்தப் பழக்கத்தைக் கெடுக்கும், மங்கின சிவப்பு குறைவாகக் கெடுக்கும். ஓடும்போது மினுக்குகிற மோட் வேண்டவே வேண்டாம். சீற்றுக்குக் கீழயும் கால்மாட்டிலும் மங்கலாக எரியட்டும், கண்ணாடியில் தெறிக்காமல்.

இப்ப நாங்கள் கேட்கிற கேள்விக்கு வாறம். ரோட்டில் ஆளைக் கொல்லுகிற வெளிச்சம் எது? மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு வருகிற ஏ-14 ரோட்டில் இரவில் ஓடிப் பாருங்கோ. பழைய ஹலோஜன் பல்பைக் கழற்றி அந்த ஹெட்லைட்டுக்குள்ளயே எல்.ஈ.டி பல்பைச் செருகின வாகனங்கள் எதிரில் வரும். அந்த ஹெட்லைட்டின் கிண்ணம் ஒரு கம்பிச்சுருள் இருக்கிற புள்ளிக்காக வளைச்சது. வேறு வடிவத்தில் வெளிச்சம் எரிஞ்சால் அது ரோட்டில் விழாமல் எதிரே வாறவரின் கண்ணில் சிதறும். மன்னார் ரவுணில் கழுதைகள் ரோட்டில் படுக்கிற ஊர் இது. மாடு குறுக்க வாற ரோடு. கண் கூசின இரண்டு செக்கனில் கழுதையும் தெரியாது, லைட் இல்லாத சைக்கிளில் வீட்டுக்குப் போகிற ஐயாவும் தெரியமாட்டார்.

ஓட்டோவுக்குள் எரிகிற ஒரு முழ ஊதா வெளிச்சம் ஒருவரின் கண்ணையும் குத்தாது. ஆனால் சோதனையில் சுலபமாகக் கண்ணில் படுகிறது அதுதான், கழற்றச் சொல்லிப் படம் எடுக்கச் சுலபமானதும் அதுதான். சீற்றுக்குக் கீழ புகைய இருக்கிற வயரைப் பார்க்கக் குனிய வேண்டும். ஹெட்லைட் கோணம் பார்க்கக் கருவி வேண்டும். குனியாத சோதனையால் ரோடு சுத்தமாகாது.

செய்யக்கூடிய வழி இருக்குது. வருசா வருசம் வாகன வரிப்பத்திரம் எடுக்க நாங்கள் எல்லாரும் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். அங்க புகையைப் பார்க்கிறார்கள், வயரைப் பார்க்கிறவர் இல்லை. அதே வரிசையில் ஐந்து நிமிசம் கூட்டி மேலதிக வயரையும் பியூஸையும் ஹெட்லைட் கோணத்தையும் பார்க்கட்டும். பிழை இருந்தால் திருத்த நாள் குடுங்கோ, சரியாக இருந்தால் விடுங்கோ. வாகன வயரிங் செய்கிற எங்கட ஊர்ப் பாஸ்மாருக்கு என்.வி.கியூ சான்றிதழ் எடுக்க வழி செய்து, இந்த வேலையை அவர்கள் கையில் குடுங்கோ. ரோட்டில் வைச்சுப் பிய்ச்சு எறிகிறதை விட இது மலிவு. பத்துப் பேருக்குத் தொழிலும் கிடைக்கும்.

"கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு வயரில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். எது அழகு, எது அழுக்கு என்று அதிகாரம் எப்படிப் பிரிக்குது என்றுதான் எங்களுக்கு வகுப்பில் மூன்று வருசமாகப் படிப்பிக்கினம். அதைப் பரீட்சைத்தாளில் எழுதிவிட்டு ரோட்டில் வாய்மூடி நிற்கிறது எங்களுக்குச் சரிவராது.

ஆகவே தம்பிமாரே, தங்கைச்சிமாரே, லைட்டை ஒட்டுங்கோ. ஒட்டமுதல் பியூஸை வாங்குங்கோ. ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை சீற்றைத் தூக்கி வயரைத் தடவிப் பாருங்கோ. சூடாக இருந்தால் கழற்றுங்கோ. பொலிஸுக்குப் பயந்து இல்லை, பின் சீற்றில் நித்திரை கொள்ளுகிற பிள்ளைக்காக.