அபாயத்தை அளந்தால் மட்டும் போதுமா?

இயற்கைச் சீற்றத்தைத் தடுக்க இயலாது. அது பேரழிவாக மாறுவதைத் தடுக்க இயலும். 2015 மார்ச்சில் ஜப்பானின் செண்டாய் நகரில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட பேரிடர் அபாயக் குறைப்புக் கட்டமைப்பின் சாரம் இதுவே. புயலின் வேகமும் மழையின் அளவும் மட்டுமே அபாயக் கணக்கு அல்ல. அவற்றின் பாதையில் வாழ்வோர் யார், எத்தகைய வீடுகளில் வாழ்கின்றனர், இழப்பிலிருந்து மீளும் வலு அவர்களுக்கு உண்டா என்பவையும் அதில் அடங்கும்.

இதை ஒடிசா மெய்ப்பித்தது. 1999 பெரும்புயலில் அங்கு சுமார் பத்தாயிரம் பேர் மடிந்தனர். அதன் பின் கடலோரக் கிராமங்களில் புயல் பாதுகாப்பு மையங்கள் எழுந்தன. உள்ளூர்த் தொண்டர்கள் பயிற்சி பெற்றனர். 2013இல் பைலின் புயலின்போது சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். அம்மாநிலத்தில் உயிரிழப்பு ஐம்பதைத் தாண்டவில்லை.

சிக்கிம் தருவதோ நேர்மாறான பாடம். தெற்கு லோனாக் பனிப்பாறை ஏரி உடையக்கூடும் என்று ஆய்வாளர்கள் பத்தாண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தனர். தீஸ்தா படுகையின் அணைத் திட்டங்களை லெப்சா பழங்குடி மக்கள் நீண்டகாலமாக எதிர்த்து வந்தனர். 2023 அக்டோபர் 4 அதிகாலையில் ஏரி உடைந்து பாய்ந்த வெள்ளம், 1,200 மெகாவாட் தீஸ்தா-3 திட்டத்தின் சுங்தாங் அணையை அடித்துச் சென்றது. ஆயினும் 2025 ஜனவரியில், அங்கே மேலும் உயரமான அணை கட்ட ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்தது. அறிவியலுக்குப் பஞ்சமில்லை, அதற்குச் செவிசாய்க்கும் அரசியல் உறுதிக்கே பஞ்சம்.

நிதியிலும் சட்டத்திலும் இதே போக்குதான். 15ஆவது நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி, 2021-26 காலத்திற்கான மாநிலப் பேரிடர் நிதியில் தணிப்புப் பணிகளுக்கு ஒதுக்கப்பட்டது 20 விழுக்காடு மட்டுமே. கடும் பேரிடரில் பாதிக்கப்பட்டோரின் கடனைத் திருப்பிச் செலுத்துவதில் சலுகை வழங்கப் பரிந்துரைக்க இடமளித்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 13ஆவது பிரிவும் 2025 திருத்தத்தில் நீக்கப்பட்டது. வயநாடு நிலச்சரிவில் அனைத்தையும் இழந்தவர்களின் கடன் தள்ளுபடிக் கோரிக்கையை மறுக்க, ஒன்றிய அரசு இந்த நீக்கத்தையே காரணம் காட்டியது. வீடிழந்தவர் மீது வங்கிக் கடனும் விழுமானால், பேரிடர் இன்னும் முடியவில்லை என்றே பொருள்.

அபாய மதிப்பீடு மக்களின் மொழியில் வெளியிடப்பட வேண்டும். கிராம சபைகளில் விவாதிக்கப்பட வேண்டும். திட்டங்களுக்கு அனுமதி மறுக்கும் அதிகாரம் அதற்கு இருக்க வேண்டும். தணிப்பு நிதி உயர்த்தப்பட வேண்டும். 13ஆவது பிரிவு மீட்கப்பட வேண்டும். இக்கோரிக்கைகளை மக்களிடம் கொண்டு சென்று போராட்டமாக்குவது இடதுசாரி, ஜனநாயக சக்திகளின் உடனடிக் கடமை.