உம் அணி, எம் அணி: இரசிகப் பற்றுக்கு எல்லை எது?



விளையாட்டை நேசிக்கும் பிள்ளைகள் இல்லாத இல்லம் இன்று அரிது. காஞ்சியின் ஒலிமுகமது பேட்டையிலும் சரி, தறியோசை கேட்கும் பிற தெருக்களிலும் சரி, மாலை மத்ரஸாவுக்கு வரும் சிறுவர்களின் பேச்சில் மெஸ்ஸியும் ரொனால்டோவும், மஞ்சள் சட்டையும் நீலச் சட்டையும் இடம்பெறாத நாளில்லை. ‘இதெல்லாம் மார்க்கத்தில் ஆகுமா?’ என்று பெற்றோர் நம்மிடம் வினவுகின்றனர். ஓர் அணியின் மீது கொண்ட பற்று நம் பிள்ளைகளை எங்கே கொண்டு செல்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

இந்தியக் கால்பந்தின் தாய்வீடு கொல்கத்தா. 1889இல் மோகன் பகான், 1891இல் முகமதன் ஸ்போர்ட்டிங், 1920இல் ஈஸ்ட் பெங்கால் என மூன்று கழகங்கள் அங்குத் தோன்றின. மேற்கு வங்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டோர் மோகன் பகானையும், கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியோர் ஈஸ்ட் பெங்காலையும் தம் குடும்பச் சொத்தாகவே கருதினர். மோகன் பகான் வென்றால் இறாலும், ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீனும் சமைத்துக் கொண்டாடுவது அவர்தம் வழக்கம். முகமதன் ஸ்போர்ட்டிங்கோ, அதுவரை எந்த இந்தியக் கழகமும் வென்றிராத கல்கத்தா லீக் பட்டத்தை 1934இல் வென்றது. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அதனைத் தக்கவைத்து, முஸ்லிம்களின் பெருமிதமாக விளங்கியது.

இத்தகைய பற்று இனிமையானதுதான். ஆயின் அது எல்லை மீறியபோது விளைந்ததையும் அந்நகரமே கண்டது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 இரசிகர்கள் உயிரிழந்தனர். காலையில் உணவுண்டு, அணியின் பெயரை முழங்கியபடி புறப்பட்டவர்கள் வீடு திரும்பவில்லை. அது எங்கோ நடந்த பழங்கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. 2022 அக்டோபரில் நம் தமிழகத்தின் அரியலூர் மாவட்டத்தில், மது அருந்திய நிலையில் ரோஹித் சர்மாவா, விராட் கோலியா என்று தர்க்கித்த இரு நண்பர்களுள் ஒருவர் மற்றவரைக் கொன்றார் என்ற செய்தி நம்மை உலுக்கியது. அவ்விரு வீரர்களும் நாட்டுக்காக ஒரே அணியில் ஆடுபவர்கள் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்!

இவ்விடத்தில் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்து இரு நிகழ்வுகளை நினைவுகூர்தல் பொருந்தும்.

அஸ்லம் கோத்திரத்தார் இரு பிரிவாகி அம்பெய்து போட்டியிட்டுக் கொண்டிருந்தனர். அவ்வழியே வந்த நபியவர்கள் அவர்களை ஊக்கப்படுத்தி, தாம் ஒரு பிரிவாருடன் இருப்பதாகக் கூறினார்கள். உடனே மறுபிரிவார் கைகளை நிறுத்திக் கொண்டனர். காரணம் கேட்டபோது, தாங்கள் அவர்களுடன் இருக்கையில் நாங்கள் எவ்வாறு எய்வோம் என்றனர். அப்படியானால் எய்யுங்கள், உங்கள் அனைவருடனும் நான் இருக்கிறேன் என்ற கருத்தில் அண்ணலார் விடையளித்தார்கள். போட்டியை அவர்கள் தடுக்கவில்லை. ஒரு பக்கம் சேர்வதையும் குற்றமாக்கவில்லை. ஆனால் ஒரு பக்கத்தார் மனம் தளர்ந்ததும், இரு பக்கத்தையும் தழுவிய உறவை முன்னே நிறுத்தினார்கள்.

மற்றொன்று ஒரு பயணத்தில் நிகழ்ந்தது. முஹாஜிர் ஒருவர் அன்ஸாரி ஒருவரைத் தாக்கிவிட, ஒருவர் ‘அன்ஸார்களே!’ என்றும், மற்றவர் ‘முஹாஜிர்களே!’ என்றும் கூவித் துணைக்கு ஆள் திரட்டினர். நபியவர்கள் அதனை அறியாமைக் கால அழைப்பு என்று கண்டித்து, துர்நாற்றம் வீசும் அதனை விட்டொழிக்கப் பணித்தார்கள். முஹாஜிர், அன்ஸார் என்பவை குர்ஆனே போற்றும் பெயர்களன்றோ? அத்தகைய கண்ணியமான பெயர்களும் சண்டைக்கு ஆள் சேர்க்கும் கூக்குரலாகும்போது நாறிவிடுகின்றன என்றால், ஒரு கழகத்தின் பெயர் எம்மாத்திரம்!

தன் கூட்டத்தாரை நேசிப்பது அஸபிய்யத் ஆகாது; அவர்களின் அநீதிக்குத் துணைபோவதே அஸபிய்யத் என்பது நபிமொழி தரும் விளக்கம். இரசிகப் பற்றுக்கும் இதுவே அளவுகோல்.

அதே கொல்கத்தா 2024இல் வேறொரு முகத்தைக் காட்டியது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சிப் பெண் மருத்துவர் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். நகரமே கொந்தளித்த அச்சூழலில், ஆகஸ்ட் 18 அன்று நடைபெறவிருந்த மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் டூரண்ட் கோப்பை ஆட்டம் பாதுகாப்பைக் காரணம் காட்டி இரத்து செய்யப்பட்டது. எனினும் இரு கழகங்களின் இரசிகர்களும் சால்ட் லேக் மைதானத்தின் முன் திரண்டனர். முகமதன் ஸ்போர்ட்டிங் இரசிகர்களும் உடன் சேர்ந்தனர். காவலர்களின் தடியடிக்கு நடுவிலும் அவர்கள் ஒரே குரலில் நீதி கேட்டனர். நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. அன்று அங்கு நின்றோரின் சட்டைகள் மூவகை, கோரிக்கை ஒன்றே.

நம் ஊர் நெசவாளர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தனித்தனி நாடாக்கள் ஓடுகின்றன. ஆயினும் ஒவ்வோர் ஊடையிலும் இரண்டும் பிணைக்கப்படுவதால், இழுத்தாலும் அவை பிரிவதில்லை. நிறம் மாறுபடுவது அழகு. பிணைப்பு விட்டுப்போனால் அது சேலையாகாது.

ஆகவே பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுதான். பிள்ளைகளின் அணியைப் பறிக்காதீர்கள். அதனோடு ஒழுக்கத்தையும் கற்பியுங்கள். தோற்ற அணியின் இரசிகனைப் பட்டப்பெயரிட்டு மீம்ஸ்களால் புண்படுத்துவது, அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கும் பரிகாசமே என்று உணர்த்துங்கள். தோல்வியில் துவண்டால், எவராலும் முந்தப்படாதிருந்த நபியவர்களின் ஒட்டகம் அள்பாவை ஒரு கிராமவாசியின் ஒட்டகம் முந்திய செய்தியைச் சொல்லுங்கள். தோழர்கள் வருந்தியபோது, உலகில் உயரும் எதனையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற பொருளில் அண்ணலார் ஆறுதல் கூறினார்கள். ஐரோப்பிய ஆட்டங்கள் பல நம் நேரப்படி நள்ளிரவுக்குப் பின்னரே தொடங்குகின்றன; ஃபஜ்ரை இழந்து பார்க்கத்தக்க ஆட்டம் எதுவுமில்லை. எதிரணியை ஆதரிக்கும் அண்டை வீட்டுப் பிள்ளை எச்சமயத்தவனாயினும், அவனையும் அழைத்து, இருவரையும் ஒன்றாக அமர்த்தி ஆட்டம் காணச் செய்யுங்கள். வென்றவனுக்கு மற்றவன் வாழ்த்துக் கூறட்டும்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் உள்ளங்களை இணைத்து, நீதியின் பக்கம் ஒன்றாய் நிற்கும் தவ்ஃபீக்கைத் தந்தருள்வானாக! ஆமீன்.