மீ கோரேங்கும் தமிழ்க் கட்டுரையும்

‘எனக்குப் பிடித்த உணவு’ என்னும் தலைப்பு தொடக்கப்பள்ளிக்குப் புதியதன்று. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் வளரும் மாணவன் அத்தலைப்பைக் கண்டதும் இட்டிலியை எழுதுகிறான், தோசையை எழுதுகிறான். முன்னாள் இரவு அன்னை ஆக்கித் தந்ததோ மீ கோரேங்! அதை எழுதினால், “இது தமிழர் உணவா?” என்று சிவப்பு மை கேட்கும் என்பது அவனுக்குத் தெரியும். நா அறிந்த சுவையை எழுதுகோல் மறைப்பதற்கா மொழிப்பயிற்சி?

மீ கோரேங் தமிழருக்கு அயல் என்பார் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். மஞ்சள் மீ சீனர் தந்தது. ‘கோரேங்’ மலாய்ச் சொல். உண்மையே. ஆயின் அரைத்த மிளகாயும் அவித்த உருளைக்கிழங்கும் கூட்டி, எலுமிச்சை வைத்துப் பரிமாறும் அவ்வுணவை மாமாக் கடைகளில் வளர்த்தவர் யாவர்? தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் அல்லரோ? மிளகாயே போர்த்துகீசியர் வழி 16ஆம் நூற்றாண்டில் வந்த அயற்பொருள்தான். அதனை மிளகின் பெயரால் அழைத்துத் தமதாக்கிக்கொண்ட முன்னோர், எவரிடமும் இசைவு கேட்டு நிற்கவில்லை.

தாய்லாந்தின் செயலைக் காண்க. ‘பாட் தாய்’க்குரிய அரிசி மீ சீனர் வழி வந்தது, ‘குவே தியாவ்’ என்னும் பெயரும் சீனமே. 1938இல் பிரதமரான பிபுன் சொங்கிராமின் ஆட்சி, போர்க்காலத்தில் மீ உண்ணுமாறு மக்களை ஊக்கியது. அவ்வாட்சியின் கடுந்தேசியம் போற்றத்தக்கதன்று. அது வேறு பேச்சு. எனினும் வந்த உணவு நாட்டின் பெயரையே தாங்கி நிற்கிறது. அந்தப் பாட் தாயை வீட்டில் சமைக்கப் புகும் கிள்ளான் தாய்க்கு அதில் அயலானது எது? புளி கரைக்க அறிவாள். வெல்லத்தின் பதம் அறிவாள். நிலக்கடலை வறுக்க அறிவாள். மீன் சாறு ஒன்றே புதிது.

மொழியாசிரியர் கருத வேண்டியது இனித்தான் உள்ளது. ‘கோரேங்’ என்னும் ஒரு சொல்லுக்குள் மலாய் அடக்கிவிடும் வினைகளைத் தமிழ் எத்துணை நுட்பமாகப் பிரிக்கிறது! கடலை வறுபடுகிறது, டோஃபு பொரிகிறது, பூண்டும் மிளகாய் விழுதும் எண்ணெய் பிரியும்வரை வதங்குகின்றன, மீ புரட்டப்படுகிறது. தவுகே நீர்விட்டுத் துவளாதிருக்க இறுதியில் இட்டு ஒருமுறை கிளறப்படுகிறது. அரிசி மீயையோ முன்னதாக வேகவைத்தல் ஆகாது. நீரில் ஊறவைத்து, சட்டியில் புளிச்சாற்றை உறிஞ்சும்படி விடவேண்டும். ஊறுதலும் வேதலும் குழைதலும் வேறு வேறென்று கரும்பலகையில் விளக்குவது கடினம்; குவாலியின் அருகே நின்ற பிள்ளைக்கு விளக்கமே வேண்டா. இன்று அப்பிள்ளை இவ்வனைத்திற்கும் ‘ஃபிரை பண்ணு’ என்கிறது. எழுத இடமில்லாத வினைச்சொற்கள் வேறெங்குச் சென்று வாழும்?

‘மீ’க்குத் தனித்தமிழ்ச் சொல் ஆக்கிய பின்னர் எழுதுவோம் என்பாரும் உளர். ஆக்கட்டும், தடையில்லை. ஆனால் மலாய்க்காரர் நம் ‘கடை’யைக் ‘கெடாய்’ ஆக்கி அன்றாடம் வழங்குகின்றனர். அதனால் மலாய் மெலிந்துவிடவில்லை.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ, மலேசியரின் காலையுணவுப் பண்பாட்டை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக்குடன் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் அங்கே இடம்பெற்றன. பின்னிரண்டும் தமிழ் முஸ்லிம் கடைகளோடு இணைந்தவை. பாரிசில் தலைமையகம் கொண்ட மன்றம் ஏற்றதைப் பள்ளிக் கட்டுரை ஏடு ஏற்கத் தயங்குவது என்ன நியாயம்?

அடுத்த கட்டுரைப் பாடத்தில் ஆசிரியர் ஒன்று செய்யலாம். வீட்டில் மீ சமைக்கும் நாளில் அன்னையின் பக்கத்தில் நின்று, நடப்பதை நடந்தவாறே பத்து வரியில் எழுதிவரச் சொல்லட்டும். ‘மீ கோரேங்’ என்னும் பெயரை அடிக்காமல் விட்டு, வினைச்சொற்களுக்கு மதிப்பெண் இடட்டும்.