உடைக்கு ஆணையிடுவார்க்கு ஒரு மறுப்பு

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மவர் வாயில் நாள்தோறும் பயிலும் பழமொழி. திருமண வீட்டுக்குப் புறப்படும் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளவும், வேலை தேடிச் செல்லும் இளைஞனுக்கு அறிவுரை கூறவும் அதனை எடுத்தாளுகிறோம். ஆனால் அப்பழமொழியின் மறுபக்கத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆடை பாதி என்றால், ஒருவனுக்கு ஆடையை மறுத்தவர்கள் அவனைப் பாதி மனிதனாகவே வைத்திருந்தார்கள் என்பதும் அதன் பொருளன்றோ? சாம்பியன் ரீப்ஸ் மண்ணில் பிறந்து வளர்ந்த நமக்கு அந்த மறுபக்கம் மறக்கத் தக்கதன்று.

அண்மைக் காலமாகத் தமிழர் கூடும் அவைகளில் ஒரு குரல் ஓங்கி ஒலிக்கின்றது. விழாவுக்கு வரும் பெண்கள் சேலையோ பாவாடை தாவணியோ உடுத்தே வரவேண்டுமாம். ஆண்கள் வேட்டி கட்டியே மேடை ஏறவேண்டுமாம். மீறுவோரை வாயிலிலேயே திருப்பி அனுப்ப வேண்டுமாம். சென்ற பொங்கல் விழா ஒன்றில் பெரியவர் ஒருவர் இவ்வாறு முழங்கியபோது அவை கைதட்டி ஆர்ப்பரித்தது. உண்மையை மறைப்பானேன்? நாமும் கைதட்டினோம். அதுமட்டுமன்று, அன்று காலையிலேயே, கல்லூரியில் பயிலும் எம் மகளை, அணிந்திருந்த ஜீன்ஸை மாற்றிச் சேலை உடுத்தி வரும்படி பணித்திருந்தோம். அவளும் மறுமொழி கூறாமல் மாற்றிக்கொண்டு வந்தாள்.

வீடு திரும்பிய பின்னர்தான் அவள் வாய் திறந்தாள். கூடத்துச் சுவரில் எம் பாட்டனாரின் நிழற்படம் தொங்குகின்றது. 1940-ஐ ஒட்டி ராபர்ட்சன்பேட்டையில் எடுத்தது. கோட்டு, கழுத்துப் பட்டி, தலையில் தொப்பி, கையில் பிரம்பு; காலில் மட்டும் செருப்பில்லை. அதனைச் சுட்டிக்காட்டி, “அப்பா, கொள்ளுத் தாத்தா போட்டிருக்கும் கோட்டு எந்தத் தமிழ்ப் பண்பாடு?” என்று கேட்டாள். எமக்கு விடை தோன்றவில்லை. அவ்விடையைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

எது பழைமை?

சேலையும் ரவிக்கையும் தமிழரின் தொன்மையான உடை என்பாரை நாம் கேட்கிறோம்: ரவிக்கை என்னும் சொல் எங்கிருந்து வந்தது? தெலுங்கிலிருந்து வந்தது. ஜாக்கெட்டு ஆங்கிலேயன் தந்தது. லுங்கி பாரசீக வழியில் வந்த சொல். நம் பழைய நூல்களில் தைத்த சட்டை இல்லாமல் இல்லை. முல்லைப்பாட்டில் ‘மெய்ப்பை’ வருகின்றது. அதனை அணிந்து நிற்பவனோ யவனக் காவலன். சிலப்பதிகாரத்தில் ‘கஞ்சுகம்’ வருகின்றது. அது அரசனின் ஏவலர் அணிந்த சட்டை. கலிங்கம், துகில் எனத் துணிக்குப் பல பெயர் வைத்துப் போற்றிய நம் முன்னோர், பிறநாட்டான் உடையைக் கண்டு முகம் சுளித்தாரல்லர். எனவே, ‘ஆதி முதல் இதுவே எம் உடை’ என்று ஒன்றைக் காட்டித் தடி எடுப்பதற்கு இலக்கியச் சான்று இல்லை.

தடுக்கப்பட்ட துணி

அந்தக் காலத்தில் மக்கள் அடக்கமாக உடுத்தினர் என்பது அடிக்கடி கேட்கும் வாதம். எந்தக் காலத்தில்? எந்த மக்கள்? தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. தோள்சீலைக் கலகம் என்று வரலாறு கூறும் அப்போரின் முடிவில், 1859-இல் மன்னரின் அறிக்கை அவ்வுரிமையை வழங்கியது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்னும் தடையை அது விடவில்லை. உடலை மறைப்பதே குற்றமாக இருந்த நாட்டில், அடக்கம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருந்திருக்க முடியும்?

அது பழங்கதை என்று ஒதுக்குவார்க்கு மற்றொன்று காட்டுவோம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். அவற்றை ஹட்டன் என்னும் ஆங்கில அதிகாரி தம் நூலில் பதிவு செய்துள்ளார். பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கத்தரிக்கக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாண்டம் கூடாது. பெண்கள் மேலுடம்பைத் துணியாலோ ரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை கூடாது. காலுக்குச் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அடுத்த ஆண்டில் தடைகள் பதினொன்றாகப் பெருகின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பதும் அவற்றுள் ஒன்று.

இன்று நம் மேடைகளில் ‘தமிழ்ப் பெண்ணின் அடையாளம்’ என்று போற்றப்படும் அதே தாவணி, அன்று ஒரு சாரார்க்கு விலக்கப்பட்ட பொருள்! இதனை அறிந்த பின்னும் தாவணியைக் கட்டளையாக்க நமக்கு வாய் வருமா?

பொன் வயலில்

இராமநாதபுரத்தில் பட்டியலிட்டு விதித்ததை வேறு பல ஊர்களில் பட்டியலின்றியே வழக்கமாக வைத்திருந்தனர். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலாரில் சுரங்கத் தொழிலைத் தொடங்கிய பின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வண்டி வண்டியாக வந்து குடியேறியவருள் பெரும்பாலோர் அவ்வழக்கத்தின் கீழ் அழுந்திக் கிடந்த மக்களே. இங்கும் அவர்களுக்குச் சொர்க்கம் காத்திருக்கவில்லை. தட்டியடித்த ஓர் அறை வீடு; பலருக்கும் பொதுவான ஒரே குழாய். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடந்தது. அங்கே அரைக்கால் சட்டையும்கூடச் சுமைதான். நாளெல்லாம் வெற்றுடம்புடன் வியர்வையில் குளித்தவன், மேலே ஏறி வந்ததும் வெளுத்த சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தான். அவனை நிறுத்தி, ‘உனக்கேது சட்டை?’ என்று கேட்க இங்கே ஊர்க்கட்டு இல்லை.

அயோத்திதாசப் பண்டிதர் வழிவந்த பௌத்த சங்கம் இம்மண்ணில் வேரூன்றியதும், அப்பாதுரையார் போன்றோர் பேச்சாலும் எழுத்தாலும் தன்மானம் புகட்டியதும் இதே மக்களிடையேதான். எம் பாட்டனாரின் நிழற்படத்திலுள்ள கோட்டு அவருடையதன்று. படம் பிடிக்கும் கடையில் இரவல் பெற்றது என்று எம் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதனை வெள்ளைக்காரனைப் பார்த்து ஆடிய வேடம் என்பார் கூறட்டும். ஊரில் முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாதென்று அஞ்சி வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர், கழுத்து முதல் கணுக்கால் வரை உடுத்தி ஒருமுறை நிமிர்ந்து நின்றார். அதுவே அப்படத்தின் பொருள்.

1921-இல் மதுரையில் காந்தியடிகள் சட்டையைக் களைந்து அரையாடை பூண்டார். ஏழைகளோடு தம்மை ஒன்றாக்கிக் கொள்ளவே அவ்வாறு செய்தார். 1927-இல் மகாடு மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், பிறர் இழிவாகக் காணும் முறையில் சேலை கட்டுவதை விட்டொழியுங்கள் என்று தம் இனப் பெண்களுக்கு அறிவுறுத்தினார். ஒருவர் களைந்தார், மற்றவர் உடுக்கச் சொன்னார். இருவர் செயலிலும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் களைவதற்கும் முதலில் ஒரு சட்டை இருந்தாக வேண்டும் என்பதைப் பொன் வயல் மக்கள் அறிவர்.

மேலும் ஒன்று. தடைகளுள் முதலாவது, பொன் அணியக் கூடாது என்பது. அத்தகைய தடைகளுக்கு ஆளான மக்களே 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேற்பட்ட பொன்னை இங்கே அகழ்ந்தெடுத்தனர்.

காலந்தோறும்

அதன் பின் வந்த மாற்றங்களையும் பார்ப்போம். எந்த உடையும் காரணமின்றி நம் வீதிக்கு வரவில்லை. 1960-களில் டெரிலின் சட்டை வந்தது. ஒரே குழாயில் துவைத்து, ஓர் அறை வீட்டில் உலர்த்தி, பெட்டி போடாமல் மறுநாள் அணிவதற்கு அதைவிட ஏற்ற துணி ஏது? எழுபதுகளில் பெல்பாட்டமும் நைலக்ஸ் சேலையும் வந்தன. திரைப்படத்தின் செல்வாக்கு என்று அன்றும் சிலர் திட்டினர். அன்று திட்டு வாங்கிய இளைஞர்களுள் சிலரே இன்று ஜீன்ஸைத் திட்டும் முதியவர்கள்! பின்னர் நைட்டி வந்தது. விடியுமுன் குழாயடிக்கு ஓடும் பெண்ணுக்கு அது எளிதாயிற்று.

28-2-2001 அன்று சுரங்கம் மூடப்பட்டது. வீட்டுக்கு வீடு உலை அணைந்த அந்நாளுக்குப் பின், நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைக்கச் சென்றனர். மாரிக்குப்பத்திலிருந்து வரும் வண்டி சாம்பியன் நிலையத்தில் நிற்பது சில நொடிகள். ஓடி ஏறவும், நெரிசலில் நிற்கவும், இரவில் திரும்பவும் சுடிதாரே உதவிற்று. அவர்களுள் பலர் தையல் ஆலைகளில் அயல்நாட்டார்க்குச் சட்டை தைக்கின்றனர். ரவிக்கை மறுக்கப்பட்ட மரபில் வந்தவள் இன்று உலகுக்கே சட்டை தைக்கிறாள். அவளிடம் சென்று, ‘நீ இன்னது உடுத்து’ என்று நாம் சொல்வதா?

செய்யத் தக்கது யாது?

‘அயல்மொழியார் நடுவில் வாழும் நமக்கு உடையும் ஓர் அடையாளமன்றோ?’ என்று கவலையுடன் கேட்கும் அன்பர்களும் உளர். அக்கவலை மதிக்கத் தக்கது. ஆனால் வீட்டில் பிள்ளைக்கு அ, ஆ எழுதக் கற்பிக்காத தந்தை, விழா நாளில் அவனுக்கு வேட்டி கட்டிவிடுவதனால் தமிழ் வாழ்ந்துவிடாது. சேலை அழகியது, வேட்டி இந்நாட்டு வெயிலுக்கு ஏற்றது, விரும்பி உடுத்துவோரைக் கண்டு நாம் மகிழ்கிறோம். நம் மறுப்பெல்லாம் கட்டளைக்கே.

2014-இல் சென்னையில் கிரிக்கெட் சங்கத்தின் மன்றம் ஒன்றுக்கு வேட்டியுடன் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் வாயிலில் தடுக்கப்பட்டபோது தமிழகமே கொதித்தது; அடுத்த மாதமே அத்தகைய தடையை நீக்கச் சட்டமும் இயற்றப்பட்டது. வேட்டிக்காக அன்று கொதித்தவர்கள், சுடிதாரைத் தடுக்க இன்று வாயிலில் ஆள் நிறுத்துவது எவ்வகை நீதி?

கடன் வாங்கிப் பட்டெடுக்கும் வீண் பெருமையைக் கண்டிக்கட்டும்; நாமும் உடன் நிற்போம். உடைக்கு ஆணை மட்டும் வேண்டா. மாறாக, அடுத்த விழாவில் ஒவ்வொரு குடும்பமும் தன் பாட்டன் பாட்டியரின் பழைய நிழற்படம் ஒன்றைக் கொண்டு வரட்டும். மண்டபத்துச் சுவரில் அவற்றை வரிசையாக மாட்டி, யார் எப்போது முதன்முதல் சட்டை அணிந்தார், யார் எப்போது முதன்முதல் செருப்பு அணிந்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம். அதைக் கேட்ட பின் எந்த உடையில் வருவது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

எம் மகளிடம் நாம் வருத்தம் தெரிவித்தோம். அவையில் கைதட்டிய பிழைக்கு இக்கட்டுரையைக் கழுவாயாகக் கொண்டு, பெரியோர் அந்தக் கட்டளையைக் கைவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.